அலுமாரியும் அதனுள் இருப்பவையும்

கிண்ணியா
2023 ஒக்டோபர் 8

அன்புத் தங்கச்சி சித்தி லைலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மதினியும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நீயும் மச்சான் நஜீமும் மகள் றிபாவும் அப்படியே இருக்க துஆச் செய்கிறேன். போன கிழமை நீ போனில் கதைத்ததில் பாதி எனக்கு விளங்கவில்லை. இடது காது முழுதாக ஓய்வு எடுத்துவிட்டது. வலது காது அடுத்த வருடம் என்னோடு சேர்ந்து பென்சன் போக இருக்கிறது. அதனால் பழையபடி கடிதம்தான்.

ஒரு சந்தோசமான விசயம். இங்குள்ள வாசிகசாலைக்கு மேல்மாடி கட்டி முடிந்துவிட்டது. செயலாளர் மிஹ்லார் என்னிடம் விஞ்ஞானம் படித்தவர். உன் வீட்டில் இருக்கும் என் புத்தகங்கள் எல்லாவற்றையும் கொடுத்தால், எனக்கென்று ஓர் அலுமாரி ஒதுக்கி மேலே பெயர்ப்பலகையும் போடுவாராம். "சேர்ட பேர் நூறு வருசத்துக்கு இருக்கும்" என்றார். நான் சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க அதே நினைவு.

நம்மூர் வழக்கம் உனக்குத் தெரியாததா? வீடு பெண்ணுக்கு. உம்மாவின் வீட்டில் பிறந்தேன், அது உன் வீடாயிற்று. கல்யாணம் முடித்து உன் மதினியின் வீட்டுக்கு வந்தேன், அதையும் போன வருடம் மகளுக்கு எழுதிக் கொடுத்தோம். குறை சொல்லவில்லை, இரண்டு வீட்டிலும் நல்ல சோறுதான். ஆனாலும் அறுபது வயதாகும்போது என் பெயருக்கு ஒரு கதவு இல்லை. ஓர் அலுமாரிக் கதவாவது இருக்கட்டுமே என்று மனம் ஆசைப்படுகிறது.

ஆகவே புத்தகங்களின் பட்டியல் ஒன்றை எழுதி அனுப்பு. அவசரமில்லை, ஆனால் சுணங்காதே.

உன் காக்கா,
ஷரிபுதீன்

~

மருதமுனை
2023 ஒக்டோபர் 29

கண்ணியமிக்க காக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்து இரண்டு கிழமையாகிறது. பதில் சுணங்கியதற்குக் கோபிக்க வேண்டாம். நாங்கள் எல்லோரும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். இவருக்குத்தான் முழங்காலில் வலி. கடலுக்குப் போக வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா?

றிபாவுக்கு நற்பிட்டிமுனையில் இருந்து ஒரு பேச்சு வந்திருக்கிறது. பெடியன் பெயர் ஸிராஜ், நீர்ப்பாசனப் பகுதியில் வேலை. அமைதியானவன், அதிகம் கதைக்கிறானில்லை. றிபா இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைப்பாள்.

வாசிகசாலை விசயம் கேட்டு மிச்சம் சந்தோசம். உங்கள் பெயர் பலகையில் வருவது எங்களுக்கும் பெருமைதானே. அலுமாரி நன்றாகத்தான் இருக்கிறது காக்கா. வெள்ளிக்கிழமை கண்ணாடியைத் துடைத்தேன். கறையான் ஒன்றும் இல்லை.

புத்தகங்கள் மொத்தம் எத்தனை என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? வாசிகசாலைக்கு எல்லாமேதான் வேண்டுமா, அல்லது நல்லதாய் ஐம்பது அறுபது போதுமா? மதினிக்கு என் ஸலாம்.

தங்கச்சி,
லைலா

~

கிண்ணியா
2023 நவம்பர் 6

அன்புள்ள லைலா,

ஸலாம். நாங்கள் சுகம். மருமகளின் பேச்சுக்கால் நல்லபடி அமையட்டும். முழங்கால்காரனை நான் கேட்டதாகச் சொல்.

எத்தனை என்றா கேட்கிறாய்? முந்நூற்றிப் பன்னிரண்டு. யாழ்ப்பாணம், கொழும்பு, மட்டக்களப்பு என்று போன இடமெல்லாம் வாங்கித் தோளில் சுமந்தவன் எண்ணிக்கையை மறப்பானா? மேல்தட்டில் விஞ்ஞானம். இரண்டாவதில் மார்க்கம். மூன்றாவதில் வரலாறு. கீழ்த்தட்டில் கதைப் புத்தகங்கள். கதையைக் கீழே வைத்தது மரியாதைக் குறைவினால் அல்ல, பாரத்தினால். அதுதான் எல்லாவற்றிலும் அதிகம்.

ஐம்பது அறுபது என்ற கதையே வேண்டாம். முழுதாகக் கொடுத்தால்தான் அலுமாரி. தட்டு வரிசைப்படி எழுது. ஒரு நாளைக்கு ஒரு தட்டு என்றாலும் நாலு நாள் வேலை.

ஷரிபுதீன் காக்கா

~

மருதமுனை
2023 டிசம்பர் 17

காக்காவுக்கு லைலாவின் ஸலாம். அங்கேயும் மழையாமே? இங்கே மழை வெளுத்து வாங்குகிறது. வளவுக்குள் கணுக்கால் தண்ணீர். நாலு நாள் வேலை ஆறு கிழமையானதற்கு மழையைத்தான் சொல்ல வேண்டும். நாங்கள் சுகமாக இருக்கிறோம்.

மேல்தட்டு முடிந்தது. நாற்பத்தொரு புத்தகம். தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சிலதைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

கண்ணின் அமைப்பைப் பற்றியது: நன்றாக இருக்கிறது. பாம்புகள் பற்றியது: மேலட்டை இல்லை, விரியன் பக்கத்தில் மஞ்சள் கறை. நெல்லுக்கு வரும் நோய்கள்: எழுபத்து மூன்றாம் பக்கம் இல்லை, ஆனால் யாரோ அதைக் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கடல் நீரோட்டங்கள்: கொஞ்சம் மீன் மணக்கிறது, வெயில் வந்ததும் காய வைக்கிறேன். நட்சத்திரப் புத்தகம்: இருக்கிறது, இன்னும் கையில் எடுக்கவில்லை. மின்சாரம்: புதிது மாதிரியே இருக்கிறது.

மற்றத் தட்டுகளை மழை விட்டதும் பார்க்கிறேன். றிபாவின் விசயம் சரியாகிவிட்டது. நோன்புப் பெருநாளுக்குப் பிறகு கல்யாணம், இன்ஷா அல்லாஹ்.

தங்கச்சி லைலா

~

கிண்ணியா
2023 டிசம்பர் 27

என் தங்கைக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

பட்டியல் கண்டு மனம் நிறைந்தது. ஒவ்வொரு பெயரையும் வாசிக்கும்போது வாங்கிய கடையும் முகப்பும் ஞாபகம் வந்தன. உன் மதினி, "புது மாப்பிள்ளை மாதிரிச் சிரிச்சிக்கிட்டு இருக்கிறாரு" என்று மகளிடம் சொன்னது என் நல்ல காதில் விழுந்தது.

ஆனால் சில விசயம் விளங்கவில்லை. பூட்டிய அலுமாரிக்குள் இருக்கும் புத்தகம் மீன் மணப்பது எப்படி? நஜீம் மச்சான் வலையை அதற்குள்ளேயா வைக்கிறார்? மழைக்கும் வீட்டுக்குள் இருக்கும் அலுமாரிக்கும் என்ன சம்பந்தம்? நட்சத்திரப் புத்தகம் இருக்கிறது, கையில் எடுக்கவில்லை என்றால் அது என்ன, உறியிலா தொங்குகிறது?

சரி, வீட்டில் கல்யாண வேலை. நான் துருவவில்லை. திறப்பு விழா பெப்ரவரி பதினெட்டு. பத்தாம் திகதி மிஹ்லார் வேன் அனுப்புகிறார். மிச்சத் தட்டுகளை எழுத வேண்டாம், கட்டி மட்டும் வை. பெயர்ப்பலகை எழுதி முடிந்துவிட்டது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். பச்சை நிறத்தில் வெள்ளை எழுத்து.

உன் காக்கா

~

மருதமுனை
2024 ஜனவரி 25

மதிப்புக்குரிய காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குகிறேன், ஏனென்றால் பயமாக இருக்கிறது.

புத்தகங்கள் அலுமாரியில் இல்லை.

விற்கவில்லை, கறையான் தின்னவில்லை. ஊருக்குள் இருக்கின்றன. சுனாமி வந்தபோது நம் வீட்டில் மூன்று குடும்பம் தங்கியிருந்தது உங்களுக்குத் தெரியும். அதில் கடற்கரைப் பக்கத்து சுபைறாவும் ஒருத்தி. வீடும் போய், நெசவுத் தறியும் போய், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு பகல் முழுக்க அந்த அலுமாரிக்கு முன்னால் இருப்பாள். ஒருநாள், "இதுக்குள்ள என்னதான் எழுதியிருக்கு லைலா?" என்று கேட்டாள். நான் திறந்து கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தேன். நட்சத்திரப் புத்தகம். எழுத்துக் கூட்டி நாற்பது நாளில் வாசித்து முடித்தாள். பிறகு அடுத்ததைக் கேட்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி கேட்டாள். யாரை இல்லை என்று அனுப்புவது?

இப்போது அறுபத்து மூன்று பேர். ஒரு கொப்பியில் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். மார்க்கப் புத்தகங்கள் அதிகமாய் இருப்பது மேற்குத் தெருவில். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஒருத்தி வாசிக்க ஒன்பது பேர் கேட்கிறார்கள், சந்தேகம் வந்தால் பெரிய பள்ளி மௌலவியிடம் தாளில் எழுதிக் கேட்கிறார்கள். பாண்டிருப்பு நிலாந்தினி பாலர் பாடசாலை ரீச்சர், அவளுக்கு வரலாறு என்றால் சோறு தண்ணி வேண்டாம். அவளுடைய மாமி வல்லியம்மைக்குக் கண் தெரியாது, நபிமார் சரித்திரத்தை மருமகள் வாசிக்கக் கேட்டுக்கொண்டு, "ஒங்கட ஆக்கள்ட கதையும் நல்லாத்தான் புள்ள இருக்கு" என்று எனக்குச் சொல்லி அனுப்பினார். கதைப் புத்தகங்களைக் கேட்கவே வேண்டாம். ஒரு துப்பறியும் கதையின் கடைசி எட்டுப் பக்கம் மழையில் போய்விட்டது. கொலைகாரன் யார் என்று வாசித்தவர்கள் ஆளுக்கொரு முடிவு எழுதிப் பின்னால் தைத்திருக்கிறார்கள். இதுவரை பதினொரு பேர். நானும் ஒன்று எழுதினேன், அது டொக்டர்தான்.

நீங்கள் பெருநாளைக்கு வருவதற்கு முதல்நாள் முன்வரிசைக்கு மட்டும் புத்தகம் சேர்ப்பேன். பின்னால் சீலைப் பெட்டிகளை வைத்து உயரம் பார்த்துக்கொள்வேன். நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அதுவும் பொய்தான் என்று எனக்குத் தெரியும்.

ஒக்டோபரில் உங்கள் கடிதம் வந்த நாளில் இருந்து வீடு வீடாகப் போய்ச் சேர்க்கிறேன். இதுவரை நூற்றி எண்பத்தேழு வந்துவிட்டது. சுபைறா நட்சத்திரப் புத்தகத்தை மறுபடியும் எடுத்து வைத்திருக்கிறாள். "கட்டில்ல கிடக்கிற மனுசனுக்கு வாசிச்சிக்கிட்டு இருக்கன். பாதியில புடுங்குறியா? ஒன்ட காக்காக்கிட்ட நான் கதைக்கன்" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

காக்கா, வேன் வந்தால் இருப்பதை ஏற்றி அனுப்புவேன். ஆனால் வேன் வர வேண்டாம் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். உங்கள் பெயர்ப்பலகை எவ்வளவு பெரிய விசயம் என்று விளங்காமல் கேட்கவில்லை. விளங்கித்தான் கேட்கிறேன். கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா இல்லையா என்ற கதையை விட்டுவிடுவோம்.

மன்னிப்பை எதிர்பார்க்கும்,
லைலா

~

கிண்ணியா
2024 பெப்ரவரி 5

லைலாவுக்கு,

ஸலாம். கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம்.

வேன் வராது. புத்தகங்கள் மழையில் பழுதாகிவிட்டன என்று மிஹ்லாரிடம் சொல்லியிருக்கிறேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மாணவனுக்குப் பொய் சொன்னேன்.

இத்தனை வருடமும் பெருநாளுக்குப் பெருநாள் அந்த அலுமாரிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போவேன். ஒருநாளும் உன்னிடம் சாவி கேட்டதில்லை. அது உன் வீடு, நான் வந்து போகிறவன், திற என்று சொல்வது அழகில்லை என்று நினைத்தேன். சீலைப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஷரிபுதீன்

~

மருதமுனை
2024 மார்ச் 9

காக்கா,

உங்கள் மீது அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். உங்களுக்கும் மதினிக்கும் சுகம் எப்படி? இரண்டு நாளில் நோன்பு தொடங்குகிறது. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு நோன்புக்குள் போகக் கூடாது என்று உம்மா சொல்வார். அதனால் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தின் அந்தக் கடைசி வரியை நினைத்து நினைத்து அழுதேன். சமைக்கும்போதும் அழுதேன். இவர், "கறிக்கு உப்புப் போடத் தேவல்ல" என்றார். கோபம் வந்தாலும் சிரிப்பும் வந்தது.

சேர்த்த நூற்றி எண்பத்தேழும் அலுமாரிக்குள் இருக்கின்றன. இப்போது உண்மையாகவே இருக்கின்றன, சீலைப் பெட்டிகளை வெளியே எடுத்துவிட்டேன். யாருக்கும் கொடுக்கவில்லை. வருகிறார்கள், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள், போகிறார்கள். நோன்பு காலத்தில் பகல் நீளமென்று கேட்டு நேற்று மட்டும் பத்துப் பேர். "காக்காட சொல் இல்லாம ஏலாது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றாவது ஒரு வரி எழுதுங்கள்.

லைலா

~

மருதமுனை
2024 ஏப்ரல் 16

அன்புக்குரிய காக்கா,

ஸலாம். பெருநாள் முபாரக். நீங்கள் வரவுமில்லை, மதினியின் போனில் கதைத்தபோது பக்கத்தில் இருந்தும் போனை வாங்கவுமில்லை. காது கேட்காது என்பது உங்களுக்கு நல்ல வசதி.

சண்டை பிடிக்க எழுதவில்லை. றிபாவின் கல்யாணம் மே பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை. வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுக்கிறோம். நொத்தாரிசிடம் உறுதி முடிக்கப் போவதற்கு முன் வீட்டு ஆள் ஒருவர் கையால் எழுதிப் பெரியவர்கள் முன்னால் வாசிக்க வேண்டும் அல்லவா? என் கல்யாணத்துக்கு வாப்பா இல்லாத இடத்தில் நீங்கள்தான் எழுதினீர்கள். என் மகளுக்கும் தாய்மாமன் எழுத வேண்டும். வேறு யாரையும் கேட்க மாட்டேன். நீங்கள் வராவிட்டால் எழுத்து இல்லாமலே கல்யாணம் நடக்கட்டும்.

மாப்பிள்ளை வீட்டார் பழைய எழுத்து மாதிரியே இருந்தால் போதும் என்கிறார்கள். தொண்ணூற்றி ஏழில் நீங்கள் எழுதியதைப் பெட்டியில் இருந்து எடுத்து வைத்திருக்கிறேன். எவ்வளவு அழகான கையெழுத்து காக்கா உங்களுக்கு அப்போது.

எதிர்பார்த்திருக்கும்,
தங்கச்சி

~

கிண்ணியா
2024 ஏப்ரல் 24

லைலா,

ஸலாம். மருமகளின் எழுத்தை வேறு ஆள் தொட விடாதே. மே பத்து, காலை பஸ்ஸில் நானும் உன் மதினியும் வருகிறோம். புத்தகத்தைப் பற்றி யாரும் என்னோடு கதைக்க வேண்டாம்.

சுகம். நலமே இருங்கள்.

ஷரிபுதீன்

~

கிண்ணியா
2024 மே 22

என் அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி. வந்து சேர்ந்தோம். உன் மதினிக்கு பஸ்ஸில் தலைசுற்று, இப்போது சுகம். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் எப்படி? ஸிராஜ் நல்லவன். நான் போகும்வரை மூன்றே வசனம்தான் கதைத்தான், மூன்றும் சரியான வசனம்.

யாரும் புத்தகத்தைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தேன். நீ அதை ஊருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. சனிக்கிழமை சமையல் கொட்டிலைத் தாண்டிப் போகிறேன், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இளம்பிள்ளை ஒருத்தி எழும்பி நின்று, "நீங்களா ஷரிபுதீன்?" என்றாள். ஓம் என்றேன். அவள் சத்தமாகத்தான் சொன்னாள், எனக்கே முழுதாகக் கேட்டது. "நான் நீங்க மவுத்தாப் போன ஆளெண்டு நினச்சிருந்தன்." ஏன் என்று கேட்டேன். தான் பிறந்த நாளில் இருந்து வீட்டில் உள்ள புத்தகங்களின் முதல் பக்கத்தில் அந்தப் பெயரைக் காண்கிறாளாம். புத்தகத்தில் பெயர் இருப்பவர்கள் எல்லோரும் இறந்துபோனவர்கள்தானே என்றாள்.

பிறகு நிலாந்தினி வந்தாள். என் காதைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தாளில் எழுதியே கொண்டு வந்திருந்தாள். துறைமுகங்களின் வரலாறு முதலாம் பாகம் முடிந்துவிட்டது, இரண்டாம் பாகம் எங்கே என்று. நான் அதை வாங்கவேயில்லை லைலா. முதலாம் பாகத்தில் முப்பது பக்கத்துக்கு மேல் நானே போகவில்லை. அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சுபைறா கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் நின்று, தன் மனுசனுக்கு வாசித்து முடியும்வரை புத்தகம் வராது, அதற்குப் பிறகும் யோசித்துத்தான் தருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் தலையை ஆட்டினேன்.

இனி முக்கியமான விசயம். ஞாயிறு காலை பழைய எழுத்தை என் கையில் தந்துவிட்டு, தேத்தண்ணி பார்க்கிறேன் என்று போனாய். தேத்தண்ணி வர முக்கால் மணித்தியாலம் ஆனது. நான் வாசித்தேன். "வீடும் வளவும் கிணறும் ஒன்பது தென்னையும், வீட்டினுள் இருக்கும் கட்டில் பெட்டி அலுமாரிகளும், அவற்றினுள் இருப்பவை சகலமும் என் தங்கை சித்தி லைலாவுக்கே உரியவை." என் கையெழுத்து. உன் மாமியார் வீட்டார் பிறகு ஒரு குறையும் சொல்லக் கூடாதென்று, அவசரத்தில், ஒரு கரண்டியும் விடுபடாமல் அள்ளி எழுதினேன். அந்த அலுமாரிக்குள் என் புத்தகங்கள் இருந்ததை அப்போது நினைக்கவேயில்லை. அதற்குப் பிறகும் நினைக்கவில்லை.

அதாவது உன் புத்தகத்தை நீ இரவல் கொடுத்ததற்கு நான் உன்மேல் கோபித்து மூன்று மாதம் கதைக்காமல் இருந்திருக்கிறேன். நீ ஒரு கடிதத்திலும் "என் புத்தகம்" என்று எழுதவில்லை. ஒரு வரி, ஒரேயொரு வரி எழுதியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். எப்போதிருந்து உனக்கு இது தெரியும்?

றிபாவின் எழுத்தை நான் வாசித்தபோது நீ பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தாய், கவனித்தாயோ தெரியாது. நாலாவது வரியைப் பார். அலுமாரிகள் மகளுக்கு. கண்ணாடி அலுமாரியில் இருக்கும் புத்தகங்கள் நீங்கலாக. அவையும், வெளியே இரவலில் இருப்பவையும், சித்தி லைலாவுக்கே உரியவை. மாப்பிள்ளையின் வாப்பா குனிந்து, "அதென்ன வெளிய இருக்கிற சாமான்?" என்று என் கெட்ட காதில் கேட்டார். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மிஹ்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். புத்தகம் பழுதாகவில்லை, வாசிப்பில் இருக்கிறது என்றேன். பலகையைப் பற்றிக் கவலைப்படாதே. அந்த இடத்தில் இப்போது மின்விசிறி கொடுத்தவரின் பெயர் இருக்கிறது. நான் அதன் கீழே இருந்து காற்று வாங்குகிறேன்.

கடைசியாக ஒன்று. முந்நூற்றிப் பன்னிரண்டில் பாதியை நான் வாசித்ததில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருந்ததால் வாசித்ததாகவே நினைத்துவிட்டேன். பென்சனும் வந்துவிட்டது, பகல் நீளமாக இருக்கிறது. உன் கையில் இப்போது நல்லதாக எது இருக்கிறதோ, அதில் ஒன்றை எனக்கு இரவல் தருவாயா? எது என்று நீயே பார்.

காக்கா,
ஷரிபுதீன்

~

மருதமுனை
2024 ஜூன் 1

என் காக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு. அல்ஹம்துலில்லாஹ், எல்லோரும் சுகம். ஸிராஜ் நேற்று நாலாவது வசனம் கதைத்தான். கறி நல்லா இருக்கு என்றான். மதினியின் தலைசுற்றுக்கு எலுமிச்சம்பழம் மணந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டிருந்தீர்கள். நிக்காஹ் அன்று காலையில் இருந்து தெரியும். கல்யாணப் பெண் தன்னுடைய எழுத்தை வாசிக்காமல் இருப்பாளா? அலுமாரிக்குள் இருப்பவை என்ற இடத்தில் காக்கா புத்தகத்தை மறந்துவிட்டாரே என்று அப்போதே சிரிப்பு வந்தது. ஆனால் நீங்கள் வீட்டை விட்டுப் போன அன்று ஒரு பயணப் பையோடு போனீர்கள். வாசலில் திரும்பி அலுமாரியை ஒருமுறை பார்த்தீர்கள். அதைப் பார்த்தவள் எப்படி என் புத்தகம் என்று சொல்வது? வருகிறவர்களிடமும் "காக்காட புத்தகம், கவனம்" என்று சொல்லித்தான் கொடுப்பேன். அதில் ஒரு கள்ளமும் உண்டு. என்னுடையது என்றால் சட்டிக்கு மூடியாக வைப்பார்கள், காக்காவுடையது என்றால் உறை போட்டுத் திருப்பித் தருவார்கள்.

அலுமாரி மறுபடியும் காலியாகிவிட்டது. பத்தே நாளில். துறைமுகங்களின் இரண்டாம் பாகம் எங்கேயாவது கிடைத்தால் வாங்குங்கள், நிலாந்தினி என்னை விடுகிறாளில்லை.

உங்களுக்கு இந்தக் கடிதத்தோடு குளங்களைப் பற்றிய வரலாறு ஒன்றை அனுப்புகிறேன். நம் பக்கத்துச் சாகாமக் குளத்துக்கு மட்டும் பன்னிரண்டு பக்கம் இருக்கிறது. சாகாம வயலில் தண்ணிக்குச் சண்டை பிடித்து அடிபடுகிற ஆட்கள் அதை வாசித்தால் அடிபட மாட்டார்கள், அல்லது இன்னும் நன்றாக அடிபடுவார்கள். கொப்பியில் உங்கள் பெயரையும் எழுதிவிட்டேன். அறுபத்து நாலு, ஷரிபுதீன், கிண்ணியா. ஆண்களில் நீங்கள்தான் முதல் ஆள், அதனால் ஒழுங்காக நடக்க வேண்டும்.

ஒழுங்கு இதுதான். பக்கத்தின் காதை மடிக்கக் கூடாது. சாப்பிட்டுக்கொண்டு வாசிக்கக் கூடாது. உங்களுக்கு மட்டும் இன்னொன்று: தபாலில் திருப்பி அனுப்பினால் எடுக்க மாட்டேன், கையில் கொண்டு வந்து தர வேண்டும். தவணை ஹஜ்ஜுப் பெருநாள் வரை.

அதற்குள் வாசித்து முடியாவிட்டாலும் கொண்டு வாருங்கள். இது இப்போது றிபாவின் வீடு, நானும் உங்களைப் போலத்தான். இரண்டு பேரும் ஓர் ஓரமாக இருந்து வாசித்து முடிப்போம்.

வஸ்ஸலாம்,
லைலா